ஸ்மியர் சொன்னதா, பயாப்சி சொன்னதா? கருப்பை வாய் ரிப்போர்ட்டுகளில் கோடு தவறும் இடங்கள்

சென்னையிலும் கோவையிலும் திருச்சியிலும் உட்கார்ந்து அமெரிக்க மருத்துவமனைகளின் சார்ட்டுகளைக் கோடு செய்பவர்கள், அதாவது நோயாளியின் மருத்துவக் குறிப்புகளைப் படித்து நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய குறியீட்டு எண் போடுபவர்கள், ஏராளம். அவர்களில் மகளிர் மருத்துவம் அல்லது பேதாலஜி (திசு, செல் ஆய்வு) பிரிவுக்குப் புதிதாக மாறியவர்கள் கிட்டத்தட்ட ஒரே மாதிரியான எர்ரர்களைத்தான் வாங்குகிறார்கள். ஆடிட்டில் சிவப்பு விழும், இல்லையென்றால் க்ளெய்ம் (காப்பீட்டு நிறுவனத்திடம் பணம் கேட்கும் விண்ணப்பம்) டினையலாகி, அதாவது மறுக்கப்பட்டு, திரும்பும். அந்த எர்ரர்களை அறிகுறி வாரியாகக் கீழே வைத்திருக்கிறேன். உங்கள் திரையில் எது தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போகலாம்.

போகுமுன் ஒரு கேள்விக்கு மட்டும் பதில் வைத்துக்கொள்ளுங்கள். கையில் இருப்பது செல் ரிப்போர்ட்டா, திசு ரிப்போர்ட்டா? பேப் ஸ்மியர் என்பது கருப்பை வாயிலிருந்து வழித்தெடுத்த செல்களைப் பார்ப்பது. பயாப்சி என்பது ஒரு துண்டுத் திசுவை எடுத்து அதன் அடுக்குகளோடு பார்ப்பது. ஸ்மியர் சந்தேகத்தைக் கிளப்பும். நோய்க்குப் பெயர் வைப்பது பயாப்சி. நோய்க் குறியீடுகளின் தொகுப்பான ஐசிடி-10-சிஎம் புத்தகமும் இதே எல்லைக்கோட்டைத்தான் நடுவில் கிழித்திருக்கிறது. செல் முடிவுகள் எல்லாம் ஆர்87.6 வரிசையில் இருக்கின்றன. திசுவில் உறுதியானவை என்87, என்89, என்90, என்85, டி06, டி07, சி53, சி54 என்று வேறு அத்தியாயங்களில் இருக்கின்றன. இந்த எல்லைக்கோட்டைத் தெரியாமல் தாண்டுவதுதான் கீழே வரும் பெரும்பாலான பிழைகளுக்குக் காரணம்.

இன்னொன்று, புத்தகத்தின் ஆண்டு. அக்டோபர் 1 அன்று புதுப் பதிப்பு நடைமுறைக்கு வரும், ஏப்ரல் 1 அன்றும் சில மாற்றங்கள் வரலாம். கிளினிக் சார்ட்டில் சேவை நடந்த தேதி எந்தப் பதிப்பில் விழுகிறதோ அதைத்தான் திறக்க வேண்டும்.

## ஸ்மியரில் ஹெச்சில் என்று இருக்கிறது, டி06.9 போட்டதற்கு எர்ரர் வந்திருக்கிறது

இதுதான் எல்லாவற்றிலும் பெரிய பிழை. ஹெச்சில் என்றால் உயர்நிலை மாற்றம், உயர்நிலை என்றால் சின்-3, சின்-3 என்றால் டி06. இப்படி மனம் ஒரே மூச்சில் மூன்று படி தாவிவிடுகிறது. ரிப்போர்ட்டோ முதல் படியில்தான் நிற்கிறது. சின்-1, 2, 3 என்பவை திசுவில் தெரியும், புற்றுக்கு முந்தைய மாற்றத்தின் நிலைகள். ஸ்மியரில் ஹெச்சில் வந்த பெண்ணுக்குப் பயாப்சியில் சின்-2 வரலாம், சின்-3 வரலாம், சின்-1 கூட வரலாம், ஒன்றுமே இல்லாமலும் போகலாம்.

சரியான கோடு ஆர்87.613. டி06 தலைப்பின் கீழேயே எக்ஸ்க்ளூட்ஸ்1 குறிப்பு, அதாவது இந்தக் கோடோடு சேர்த்துப் போடக் கூடாதவற்றின் பட்டியல், இருக்கிறது. ஸ்மியரில் தெரிந்த ஹெச்சில் இங்கே வராது, ஆர்87.613-க்குப் போ என்று அதில் எழுதியிருக்கிறது. பட்டியலில் நேராகக் கோடைப் பிடித்துக்கொண்டு, தலைப்பின் கீழிருக்கும் குறிப்பைப் படிக்காமல் விடுவதால்தான் இது கண்ணில் படுவதில்லை.

கருப்பை வாய் ஸ்மியருக்கான மற்றக் கோடுகளும் இதே வரிசையில் உள்ளன. ஆஸ்கஸ் (பொருள் தெளிவாகாத செல் மாற்றம்) என்றால் ஆர்87.610, ஆஸ்க்-ஹெச் (ஹெச்சில் இல்லையென்று சொல்ல முடியாத மாற்றம்) என்றால் ஆர்87.611, எல்சில் (தாழ்நிலை மாற்றம்) என்றால் ஆர்87.612. ஸ்மியரிலேயே புற்றுசெல் தெரிகிறது என்று எழுதியிருந்தாலும் சி53.9-ஐத் தொடக் கூடாது, அதற்கு ஆர்87.614. சுரப்பிச் செல்களில் மாற்றம், அதாவது ஏஜிசி என்று மட்டும் இருந்தால் ஆர்87.619. பெயரைப் பார்த்தால் 'குறிப்பிடப்படாதது' என்ற கோடு போலத் தெரியும், ஆனால் ஏஜிசி அதன் கீழ்தான் பட்டியலிடப்பட்டிருக்கிறது. மருத்துவரீதியாக ஏஜிசி ஆஸ்கஸை விடக் கவலை தரும் முடிவு. அதற்குத் தனியாக ஒரு கோடு கூட இல்லாதது எனக்கு இன்றும் விசித்திரமாகத்தான் படுகிறது. ஆனால் புத்தகம் அப்படி, நாம் அப்படி.

க்ளெய்ம் ஏற்கெனவே போய்விட்டதா? திருத்திய க்ளெய்ம் அனுப்ப வேண்டும், ஃப்ரீக்வென்ஸி கோடு 7 போட்டு. புதிதாக இன்னொரு க்ளெய்ம் அனுப்பினால் டூப்ளிகேட் என்று விழும். அதோடு வேலை முடியவில்லை. டி06 என்பது 'இடத்திலேயே இருக்கும் புற்று' என்ற பொருளுள்ள கோடு. நோயாளியின் பிரச்சினைப் பட்டியலில் அது ஏறியிருந்தால், அடுத்து அவரைப் பார்க்கும் எந்த மருத்துவரும் அதை நம்பித்தான் தொடங்குவார். பட்டியலைத் திருத்துவது கோடரின் வேலை இல்லை. ஆனால் கிளினிக்குக்குத் தகவல் சொல்வது நம் வேலை.

## பயாப்சி ரிப்போர்ட் வந்த பிறகும் என்87.0-உடன் ஆர்87.612 போட்டு, எடிட்டில் (மென்பொருள் சரிபார்ப்பில்) சிக்கியிருக்கிறது

"ஸ்மியரில் எல்சில், அதனால்தான் கோல்போஸ்கோபி, அதில் சின்-1. இரண்டும் உண்மைதானே, இரண்டையும் போட்டால் என்ன?" என்று கேட்பார்கள். (கோல்போஸ்கோபி என்பது கருப்பை வாயை உருப்பெருக்கிக் கருவி வழியாகப் பார்ப்பது.) என்87-இன் கீழ் எக்ஸ்க்ளூட்ஸ்1 குறிப்பு இருக்கிறது: திசுவில் உறுதியாகாத ஸ்மியர் முடிவு ஆர்87.61-க்குப் போகும். உறுதியாகிவிட்டால் அந்தச் சந்தேகக் கோடுக்கு வேலையில்லை. என்87.0 மட்டும் போதும்.

குழப்பம் உண்மையில் வருவது நேரத்தில். ஒரே பயாப்சிக்கு இரண்டு க்ளெய்ம்கள் கிளம்புகின்றன. கோல்போஸ்கோபி செய்த மகளிர் மருத்துவரிடமிருந்து ஒன்று, திசுவைப் படித்த பேதாலஜிஸ்டிடமிருந்து இன்னொன்று. பேதாலஜிஸ்டின் க்ளெய்மைக் கோடு செய்யும்போது இறுதி ரிப்போர்ட் கையில் இருக்கும், அதில் உறுதியானதைப் போட வேண்டும். வெளிநோயாளி வழிகாட்டு விதிகளின் நான்காம் பகுதி இதைத் தெளிவாகவே சொல்கிறது: மருத்துவர் படித்துச் சொன்ன சோதனை, இறுதி ரிப்போர்ட் தயார் என்றால் உறுதியான நோயைக் கோடு செய், அதோடு சேர்ந்த அறிகுறிகளைக் கூடுதலாகப் போடாதே.

மகளிர் மருத்துவரின் க்ளெய்மில்தான் இரண்டு வழி. ரிப்போர்ட் வருமுன் கோடு செய்தால், கோல்போஸ்கோபிக்குக் காரணமான ஆர்87.612. வந்த பிறகு கோடு செய்தால் என்87.0. இரண்டுமே சரிதான். சில கிளையண்டுகள் ரிப்போர்ட் வரும்வரை சார்ட்டை நிறுத்தி வைக்கச் சொல்வார்கள், சிலர் உடனே அனுப்பச் சொல்வார்கள். அந்த விதி எழுத்தில் இல்லையென்றால் டீம் லீடிடம் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். ஒரே கிளினிக்குக்கு ஒரு கோடர் இப்படியும் இன்னொருவர் அப்படியும் செய்தால் ஆடிட்டில் இருவருக்கும் நிம்மதி இருக்காது.

ஸ்மியரில் ஹெச்சில், பயாப்சியில் வெறும் சின்-1 என்று வந்தாலும் இதே பதில்தான். திசு சொன்னதே கோடு.

## பயாப்சி ரிப்போர்ட்டில் ஹெச்சில் என்று மட்டும் இருக்கிறது, சின் எண் இல்லை

இந்தத் தலைப்பில் கொஞ்சம் நிதானமாக நிற்க வேண்டும். புத்தகத்துக்கும் ஆய்வகத்துக்கும் நடுவே உண்மையிலேயே ஓர் இடைவெளி இருக்கிறது.

ஸ்மியருக்கான பெதஸ்டா முறை 1988-இல் தொடங்கியது. எல்சில், ஹெச்சில் என்ற பெயர்கள் அதில் வந்தவை. திசுவுக்குச் சின்-1, 2, 3 என்ற மூன்றடுக்குப் பெயர்கள் வழக்கத்தில் இருந்தன. 2012-இல் வந்த லாஸ்ட் பெயர்முறை, திசுவுக்கும் எல்சில், ஹெச்சில் என்ற இரண்டே அடுக்குகளைப் பரிந்துரைத்தது. விளைவு: செல்லுக்கும் திசுவுக்கும் ஒரே சொல். ஆனால் ஐசிடி-10-சிஎம் பழைய மூன்றடுக்குக் கணக்கிலேயே நிற்கிறது. சின்-1 என்றால் என்87.0, சின்-2 என்றால் என்87.1, சின்-3 என்றால் டி06. ஹெச்சில் என்ற சொல்லைப் புத்தகத்தில் தேடினால் அது ஸ்மியர் கோடான ஆர்87.613-க்கு இழுத்துக்கொண்டு போய்விடும்.

பெரும்பாலான பேதாலஜிஸ்டுகள் இந்தச் சிக்கல் தெரிந்தே "ஹெச்சில், சின்-3" என்று சேர்த்து எழுதுகிறார்கள். அப்படி இருந்தால் சின் எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள், முடிந்தது. எண் இல்லாவிட்டால் இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில் ரிப்போர்ட்டின் கீழ்ப்பகுதி. இறுதி முடிவில் ஹெச்சில் என்று மட்டும் எழுதி, நுண்ணோக்கி விவரணையிலோ கருத்துரையிலோ சின் எண்ணைச் சொல்லியிருப்பார்கள். மேல் வரியை மட்டும் படித்துவிட்டு மூடுபவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். அடுத்து அதே ரிப்போர்ட்டுக்கு ஏதாவது இணைப்பு பிற்பாடு சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பி16 சாயம் (திசுவில் ஒரு புரதத்தைக் காட்டும் சோதனை) போட்ட முடிவு பெரும்பாலும் ஒன்றிரண்டு நாள் கழித்து இணைப்பாகத்தான் வரும். பி16 பாசிட்டிவ் என்பது உயர்நிலை மாற்றத்துக்கு ஆதரவான சான்று மட்டும். அதை வைத்துக்கொண்டு சின்-2-ஆ 3-ஆ என்று நாம் முடிவெடுக்க முடியாது. இரண்டிலும் கிடைக்கவில்லையென்றால் பேதாலஜிஸ்டுக்குக் குவெரி, அதாவது எழுத்தில் விளக்கம் கேட்கும் கேள்வி, போட வேண்டும். வேறு குறுக்குவழி இல்லை.

"சின் 2-3" என்று நடுவில் சிறு கோடு இழுத்து எழுதியிருந்தாலும் கேட்பதே நல்லது. உயர்ந்ததை எடுத்து டி06 போடு என்று சில இடங்களில் வாய்மொழி வழக்கம் இருக்கிறது. வாய்மொழி வழக்கம் ஆடிட்டில் நிற்காது.

டிஸ்பிளேசியா (இயல்பற்ற செல் வளர்ச்சி) என்று இருக்கிறது, எந்த நிலை என்று எங்குமே இல்லை, குவெரிக்கும் பதில் இல்லை என்றால் என்87.9 இருக்கிறது. கடும் டிஸ்பிளேசியா என்று எழுதியிருந்தால் அது சின்-3-க்குச் சமமாக டி06-இல் வரும். டி06-க்குள்ளும் இடம் பார்க்க வேண்டும்: உள்வாய் என்றால் டி06.0, வெளிவாய் என்றால் டி06.1, இடம் தெரியவில்லை என்றால்தான் டி06.9.

யோனிக்கும் வல்வாவுக்கும் (வெளிப் பிறப்புறுப்பு) இதே அமைப்புதான், யோனியில் பெயர் வெய்ன், வல்வாவில் வின். வெய்ன்-1, 2 என்றால் என்89.0, என்89.1, வெய்ன்-3 என்றால் டி07.2. வின்-1, 2 என்றால் என்90.0, என்90.1, வின்-3 என்றால் டி07.1.

## ரிப்போர்ட்டில் 'ஒத்திருக்கிறது', 'சந்தேகிக்கலாம்' என்று இருந்தும் நோயையே கோடு செய்துவிட்டார்கள்

வெளிநோயாளி சார்ட்டில் உறுதியில்லாத நோயைக் கோடு செய்யக் கூடாது. இருக்கலாம், சந்தேகம், இதோடு ஒத்துப்போகிறது, இல்லையென்று உறுதி செய்ய வேண்டும் என்ற வகைச் சொற்கள் எல்லாம் இதில் அடக்கம். பயாப்சி ரிப்போர்ட்டில் "சின்-1 உடன் ஒத்துப்போகிறது" என்று பேதாலஜிஸ்ட் தன் வழக்கமான நடையில் எழுதிவிடுவார். அவர் மனதில் அது உறுதியாகக்கூட இருக்கலாம். விதிப்படி அது உறுதி இல்லை. கோல்போஸ்கோபிக்குக் காரணமான ஸ்மியர் முடிவையே கோடு செய்யுங்கள். அதே பேதாலஜிஸ்டிடம் இது திரும்பத் திரும்ப வந்தால், சார்ட் சார்ட்டாகக் குவெரி போடுவதை விட ஒரு தடவை அவருக்கு விதியை எடுத்துச் சொல்ல ஏற்பாடு செய்வது புத்திசாலித்தனம்.

இதில் ஒரு வேடிக்கையான விலக்கும் உண்டு. ஆஸ்க்-ஹெச் என்பதன் முழுப்பெயரே "ஹெச்சில் இல்லையென்று சொல்ல முடியாது" என்று முடிகிறது. உறுதியில்லாத சொல் என்று இதையும் தள்ளிவிடும் கோடர்கள் இருக்கிறார்கள். தள்ளக் கூடாது. அந்தச் சந்தேகமே ஒரு முறையான ஸ்மியர் வகை, அதற்கு ஆர்87.611 என்ற சொந்தக் கோடு இருக்கிறது.

உள்நோயாளி சார்ட் என்றால் கணக்கு வேறு. டிஸ்சார்ஜ் நேரத்தில் "இருக்கலாம்" என்று சிகிச்சை மருத்துவர் எழுதியிருந்தால் மருத்துவமனைத் தரப்பில் அதை இருப்பதாகவே கோடு செய்யலாம். ஆனால் அதை எழுதியவர் சிகிச்சை மருத்துவராக இருக்க வேண்டும். உள்நோயாளிக்குப் பேதாலஜி ரிப்போர்ட்டை மட்டும் பார்த்துக் கோடு எடுக்க முடியாது. ரிப்போர்ட்டில் இருப்பது அவருடைய குறிப்பில் இல்லையென்றால் அவரிடம்தான் கேட்க வேண்டும்.

## பயாப்சி என்றாலே ஆர்87.7 விழுகிறது

வீட்டில் எதை எங்கே வைப்பது என்று தெரியாதபோது எல்லாவற்றையும் போட்டு மூடும் இழுப்பறை மாதிரி ஆகிவிட்டது ஆர்87.7. 'பெண் பிறப்புறுப்புத் திசுவில் இயல்பற்ற முடிவு' என்ற அதன் பெயர் எல்லாவற்றுக்கும் பொருந்துவது போல ஏமாற்றும். அதன் எக்ஸ்க்ளூட்ஸ்1 பட்டியலைப் படித்தால் தெளிந்துவிடும். சின், வெய்ன், வின், இடத்திலேயே இருக்கும் புற்று என எல்லாமே அங்கே விலக்கப்பட்டிருக்கின்றன. பெயர் வைக்கும் அளவுக்கு மாற்றம் போதவில்லை, ஆனால் இயல்பாகவும் இல்லை என்று பேதாலஜிஸ்ட் நிறுத்திக்கொண்டால் மட்டும்தான் இந்தக் கோடு.

பெயர் இருந்தால் பெயருக்குப் போங்கள். கருப்பை வாய் அழற்சி என்றால் என்72. கருப்பை வாய்ப் பாலிப் என்றால் என்84.1, கருப்பை உடலில் பாலிப் என்றால் என்84.0.

மெட்டாபிளேசியா (ஒரு வகைச் செல் இன்னொரு வகையாக மாறுவது) என்ற சொல் ஒரு தனிப் பொறி. அகரவரிசைப் பட்டியலில் கருப்பை வாய் மெட்டாபிளேசியாவைத் தேடினால் டிஸ்பிளேசியாவைப் பார் என்று அனுப்பும். ஆனால் உள்வாயும் வெளிவாயும் சந்திக்கும் பகுதியில் இந்த மாற்றம் இயல்பாகவே நடப்பது. தீங்கற்ற முடிவு என்று பேதாலஜிஸ்ட் எழுதிய ரிப்போர்ட்டிலிருந்து ஒரு பெண்ணுக்கு டிஸ்பிளேசியா கோடு ஏற்றுவது எனக்கு ஒப்பவில்லை. பட்டியல் அனுப்புகிறது என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு போகாமல், கிளையண்டின் எழுத்துப்பூர்வ நிலைப்பாட்டைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

## பயாப்சி இயல்பாக வந்துவிட்டது, என்ன கோடு போடுவது என்று தெரியவில்லை

திசுவில் ஒன்றுமில்லை என்றால் ஏன் எடுத்தார்களோ அதுவே கோடு. ஆஸ்கஸுக்காகக் கோல்போஸ்கோபி செய்தார்கள், பயாப்சியில் எதுவும் இல்லை: ஆர்87.610. பயாப்சி க்ளெய்மில் ஸ்மியர் கோடு வரலாமா என்று பதற வேண்டாம், இங்கே வரலாம். ஆய்வகத் தரப்புக் கோடருக்கு ஒரு தொல்லை உண்டு. கோரிக்கைச் சீட்டில் காரணம் எழுதாமலே திசு வந்திருக்கும். அப்போது அனுப்பிய கிளினிக்கிடம் கேட்டு வாங்க வேண்டும், ஊகிக்கக் கூடாது.

மாதிரி போதவில்லை என்ற முடிவிலும் ஒரு தவறு நடக்கிறது. ஆர்87.615 கருப்பை வாய் ஸ்மியர் போதாமல் போனதற்கு மட்டும். கருப்பை உட்சவ்வுப் பயாப்சி போதவில்லை என்றால் அதைப் போட முடியாது, இரத்தப்போக்கு போன்ற மூலக் காரணத்துக்கே திரும்ப வேண்டும். ஸ்மியர் போதுமானதுதான், சந்திப்புப் பகுதிச் செல்கள் மட்டும் இல்லை என்றால் ஆர்87.616. போதவில்லை என்பதோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

## கருப்பை உட்சவ்வு ரிப்போர்ட்டில் 'காம்ப்ளெக்ஸ்' என்று பார்த்ததும் என்85.02 போட்டுவிட்டார்கள்

ஹைப்பர்பிளேசியாவில் (உட்சவ்வு மிகையாக வளர்வது) கோடைத் தீர்மானிப்பது ஒரே சொல், அட்டிபியா (செல்களின் இயல்பற்ற தோற்றம்). சிம்பிள், காம்ப்ளெக்ஸ் என்பதெல்லாம் பழைய பிரிவுகள். அட்டிபியா இல்லை என்று இருந்தால் காம்ப்ளெக்ஸாக இருந்தாலும் என்85.01. அட்டிபியா உண்டு, அல்லது இஐஎன் (உட்சவ்வில் புற்றுக்கு முந்தைய மாற்றம்) என்று எழுதியிருந்தால் என்85.02. அட்டிபியாவைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லையென்றால் என்85.00. அதே திசுவில் உட்சவ்வுப் புற்றும் இருப்பதாக ரிப்போர்ட் சொன்னால் சி54.1, இஐஎன் கோடு தனியாக வேண்டாம்.

மாதவிடாய் நின்றபின் இரத்தப்போக்கு, அதாவது என்95.0, பயாப்சிக்குக் காரணமாக இருந்திருக்கும். பேதாலஜிஸ்டின் க்ளெய்மில் அதற்கு விளக்கமாக உறுதியான முடிவு வந்த பிறகு அதைக் கூடவே போட வேண்டியதில்லை.

## கருப்பை அகற்றியவருக்கு ஆர்87.61 வரிசைக் கோடு போயிருக்கிறது

கருப்பை வாயே இல்லாதவருக்குக் கருப்பை வாய் ஸ்மியர் கோடு. பேயரின் (பணம் தரும் காப்பீட்டு நிறுவனத்தின்) மென்பொருளே இதைப் பிடித்துவிடும். கருப்பை, கருப்பை வாய் இரண்டும் அகற்றப்பட்டவரிடம் எடுப்பது யோனி ஸ்மியர், கோடு ஆர்87.62 வரிசை. ஆஸ்கஸ் ஆர்87.620, ஆஸ்க்-ஹெச் ஆர்87.621, எல்சில் ஆர்87.622, ஹெச்சில் ஆர்87.623 என்று கடைசி எண்கள் ஒத்தே போகும். கூடவே, இரண்டும் அகற்றப்பட்டதைக் குறிக்கும் இசட்90.710.

அறுவைசிகிச்சை வரலாற்றில் கருப்பை அகற்றல் என்று மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள். கருப்பையை எடுத்து வாயை விட்டுவைக்கும் அறுவைசிகிச்சையும் உண்டு. அவருக்கு இசட்90.711, ஸ்மியர் கோடு ஆர்87.61 வரிசையிலேயே இருக்கும். பழைய அறுவைசிகிச்சைக் குறிப்பைத் தேடித் திறக்கச் சோம்பல்பட்டால் இங்கே மாட்டிக்கொள்வோம்.

## ஸ்கிரீனிங் ஸ்மியருக்கு நோயாளிக்கு பில் போயிருக்கிறது

அமெரிக்கக் காப்பீட்டில் தடுப்புச் சோதனையாகச் செய்த ஸ்மியருக்குப் பொதுவாக நோயாளி கைக்காசு கட்ட வேண்டியதில்லை. நோய் கண்டறியும் சோதனையாகப் போனால் டிடக்டிபிளில் (காப்பீடு கட்டத் தொடங்குமுன் நோயாளியே கட்ட வேண்டிய தொகையில்) ஏறிவிடும். எனவே முதலில் நிற்கும் கோடு எது என்பது அந்தப் பெண்ணின் பணத்தைத் தொடும் விஷயம்.

அவர் எந்தப் புகாரும் இல்லாமல் ஸ்கிரீனிங்குக்கு வந்தார், முடிவு ஆஸ்கஸ். ஆய்வகக் க்ளெய்மில் இசட்12.4 முதலில், ஆர்87.610 அடுத்தது. முடிவு இயல்பற்று வந்தது என்பதற்காக ஸ்கிரீனிங் ஸ்கிரீனிங் இல்லாமல் போய்விடாது. கிளினிக்கில் வருடாந்தர மகளிர் பரிசோதனையின் பகுதியாக ஸ்மியர் எடுத்திருந்தால் இசட்01.411 (இயல்பற்ற முடிவோடு) அல்லது இசட்01.419 (அது இல்லாமல்). அதோடு இசட்12.4 சேராது, அங்கும் எக்ஸ்க்ளூட்ஸ்1 உண்டு.

411-ஆ 419-ஆ என்ற சண்டைக்குப் பதில் எளிது. கோடு செய்யும் நேரத்தில் என்ன தெரிந்திருக்கிறதோ அதுதான். ரிப்போர்ட் வருமுன் கோடு செய்தால் 'இயல்பற்றது இல்லாமல்' என்ற 419 ஏற்கத்தக்கதே. ஒரு வாரம் கழித்து ஆஸ்கஸ் வந்ததென்று பழைய க்ளெய்மைத் தோண்டி எடுக்கத் தேவையில்லை.

மறுபடி எடுக்கும் ஸ்மியர் வேறு கதை. ஆஸ்கஸ் வந்ததால் குறித்த காலத்தில் திரும்ப எடுத்தால் காரணம் ஆர்87.610. முதலில் இயல்பற்றது வந்து, அடுத்தது இயல்பாகி, அந்த இயல்பை உறுதிப்படுத்த எடுக்கும் ஸ்மியருக்கு மட்டும் இசட்01.42. சிகிச்சை முடிந்து வரலாறாகிவிட்டால் சின்-1, சின்-2-க்கு இசட்87.410, சின்-3-க்கு இசட்86.001, புற்றுக்கு இசட்85.41. சின்-3 வந்து குணமானவருக்கு இசட்87.410 போடுவது அடிக்கடி நடக்கிறது.

கருப்பை வாய்ப் புற்றுக்குக் காரணமாகும் வைரஸான எச்பிவி பற்றி இரண்டு வரி. உயர் அபாய எச்பிவி பாசிட்டிவ் என்றால் ஆர்87.810, யோனி மாதிரி என்றால் ஆர்87.811. ஆஸ்கஸும் எச்பிவி பாசிட்டிவும் சேர்ந்து வந்தால் இரண்டு கோடும் போடலாம். ஸ்மியர் இயல்பு, எச்பிவி மட்டும் பாசிட்டிவ் என்றால் ஆர்87.810 மட்டும், இதற்கு ஆர்87.619-ஐச் சேர்க்காதீர்கள்.

## நோய்க் கோடு சரி, சிபிடி (செய்த சிகிச்சை, சோதனைக்கான கோடு) பக்கம் டினையல்

57452-உம் (கோல்போஸ்கோபி மட்டும்) 57454-உம் ஒன்றாகப் போயிருந்தால் முதலாவது விழும், பயாப்சி சேர்ந்த கோடுக்குள்ளேயே கோல்போஸ்கோபி அடங்கிவிடுகிறது. பயாப்சி மட்டும் என்றால் 57455, உள்வாய்ச் சுரண்டல் (இசிசி) மட்டும் என்றால் 57456, இரண்டும் நடந்தால்தான் 57454. குறிப்பில் இசிசி செய்ததாக இருந்து பேதாலஜி ரிப்போர்ட்டில் அந்தத் திசுவே இல்லையென்றால் நிறுத்திக் கேளுங்கள்.

கோல்போஸ்கோபியோடு கருப்பை உட்சவ்வு மாதிரியும் எடுத்ததற்கு 58100 போட்டால் திரும்பும். அதற்குச் சேர்ப்புக் கோடு 58110 இருக்கிறது. லீப்பில் (மின்கம்பி வளையத்தால் திசு எடுப்பது) கேட்க வேண்டிய கேள்வி, கோல்போஸ்கோப் வழியாகப் பார்த்துக்கொண்டே செய்தார்களா என்பது. ஆம் என்றால் பயாப்சிக்கு 57460, கூம்பு வடிவில் எடுத்ததற்கு 57461. கோல்போஸ்கோப் இல்லாமல் வளையத்தால் கூம்பு எடுத்தால் 57522.

ஆய்வகப் பக்கம் கருப்பை வாய்ப் பயாப்சி, இசிசி, உட்சவ்வுப் பயாப்சி எல்லாம் 88305. கூம்புத் திசு 88307. எத்தனை யூனிட் என்பது தனித்தனியாக அடையாளமிட்டு அனுப்பிய மாதிரிகளின் கணக்கு. 3 மணி, 6 மணி இடங்களிலிருந்து எடுத்த துண்டுகள் இரண்டு டப்பாவில் தனித்தனியாக வந்தால் இரண்டு, ஒரே டப்பாவில் கலந்து வந்தால் ஒன்று. பி16 சாயத்துக்கு 88342.

## ரிப்போர்ட் வருமுன் டி39.0 போயிருக்கிறது

டி39-இன் பெயரில் வரும் 'நிச்சயமற்ற நடத்தை' என்பது கோடருக்குத் தெரியவில்லை என்ற பொருளில் இல்லை. பேதாலஜிஸ்ட் திசுவைப் பார்த்த பிறகும் இது தீங்கற்றதா புற்றா என்று சொல்ல இயலவில்லை என்று எழுதினால்தான் டி39. கட்டி வகை நியோபிளாசம் என்று மருத்துவர் எழுதி, அதன் தன்மை இன்னும் குறிப்பிடப்படவில்லை என்றால் டி49.59. வெறும் 'மாஸ்' என்று எழுதியிருந்தால் அது நியோபிளாசமே இல்லை, பட்டியலில் மாஸ் என்ற சொல்லின் கீழ்த் தேட வேண்டும்.

## குவெரி போட்டால் பதில் வரவில்லை, அல்லது குவெரியே ஆடிட்டில் விழுகிறது

பெரும்பாலும் குவெரி எழுதிய விதத்தில்தான் கோளாறு. "இதை சின்-3 என்று எடுத்துக்கொள்ளலாமா டாக்டர்?" என்று கேட்பது பதிலை நாமே வாயில் வைப்பது. அமெரிக்காவில் மருத்துவப் பதிவு, ஆவணத் துறையினரின் அஹிமா, ஆக்டிஸ் அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட குவெரி வழிகாட்டுதலின்படி இது கூடாது. எந்தப் பதிலுக்கு எவ்வளவு பணம் வரும் என்ற சாயலும் கூடாது.

இப்படி எழுதுங்கள்: மாதிரி ஏ, கருப்பை வாய் 6 மணி இடம், இறுதி முடிவு ஹெச்சில் என்று உள்ளது. இதன் நிலையை மேலும் குறிப்பிட இயலுமா? சின்-2, சின்-3, வேறு, தீர்மானிக்க இயலாது. கடைசி இரண்டு தேர்வுகளும் கட்டாயம் இருக்க வேண்டும். ரிப்போர்ட்டில் உள்ள வரியை அப்படியே மேற்கோளாகப் போடுங்கள், மருத்துவர் சார்ட்டை மறுபடி திறந்து தேட வேண்டியிருந்தால் பதில் தாமதமாகும்.

பதில் மின்னஞ்சலிலோ அரட்டைப் பெட்டியிலோ வந்தால் போதாது. தேதியிட்ட இணைப்பாக ரிப்போர்ட்டிலோ, கிளையண்டின் கொள்கைப்படி நிரந்தரப் பதிவிலோ ஏற வேண்டும். அது ஏறும்வரை சார்ட்டை ஹோல்டில் வையுங்கள். கிளையண்ட் கொடுத்த கெடு முடிந்தும் பதில் இல்லையென்றால், குவெரி அனுப்பிய தேதியைக் குறித்து டீம் லீடிடம் ஒப்படைத்துவிடுங்கள்.